அபுவேலாவுக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை

என் மாமியார், பிள்ளைகளுக்கு அபுவேலா, அதாவது பாட்டி, அடுப்படியில் மாவை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "மீஹா, பாசாமே எல் பாலோத்தே" என்றார். கண்ணு, அந்தக் கட்டையை எடு என்று அர்த்தம். பாலோத்தே வேறொன்றும் இல்லை, தோர்த்தியா என்ற மெக்சிகோ ரொட்டி தேய்க்கும் கட்டை; நம் சப்பாத்திக் கட்டையின் தங்கச்சி. அப்போது நாலு வயதான என் மகள் பாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் வந்து, "அம்மா, அவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டாள். பேத்தியோடு இருக்க வேண்டுமென்றே மெக்சிகோவின் சால்தீயோவை விட்டு வந்த மனுஷி. மாவுக்கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

தப்பு எங்கள் மேல்தான். இரண்டு வயதில் மகள் பேசத் தாமதமானபோது, ஒரு மருத்துவமனையில் இருந்தவர் "வீட்டில் இத்தனை மொழி இருந்தால் குழந்தை குழம்பத்தான் செய்யும், ஒரே மொழியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அன்றிரவே என் கணவர் ஆங்கிலத்துக்கு மாறினார். இரண்டே வருடத்தில் ஸ்பானிஷ் போயே போச்சு. திரும்பக் கொண்டுவர அதைப்போல இரண்டு மடங்கு காலம் பிடித்தது.

நாங்கள் இருப்பது டெக்சஸின் சான் அன்டோனியோவில். கடையில், பேருந்தில், பக்கத்து வீட்டு வாசலில் எல்லாம் ஸ்பானிஷ் காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர், சுமார் 6.2 கோடி. இத்தனை பேர் இருக்கும்போது மொழி எங்கே போய்விடும் என்று தோன்றும். போகும். வந்திறங்கியவர் ஸ்பானிஷ் பேசுவார், அவர் பிள்ளை இரண்டும் பேசும், பேரப்பிள்ளைக்குச் சாப்பாட்டுப் பெயர்களும் நாலு வசவுகளும் மிஞ்சும். தெருவுக்குத் தெரு நான் பார்ப்பது இதைத்தான்.

எங்களைப்போல ஸ்பானிஷ் குடும்பத்தில் மருமகளாகவோ மருமகனாகவோ போய்ச் சேர்ந்த தமிழர்களுக்கும், புதிதாக வந்திறங்கும் சம்பந்தி வீட்டாருக்கு வழி சொல்ல வேண்டியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தமிழை எப்படிக் காப்பாற்றினேன் என்பது தனிக்கதை; அதில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

முதல் வேலை: யாருக்கு எந்த மொழி

பிள்ளை பிறப்பதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இரண்டு ஏற்பாடுகளில் ஒன்றுதான் நடக்கிறது. ஒன்று, ஆளுக்கொரு மொழி: அப்பா ஸ்பானிஷ், அம்மா வேறு. இன்னொன்று, வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் எல்லாரும் ஸ்பானிஷ், வெளியே ஆங்கிலம். அப்பா அம்மா இருவரும் ஸ்பானிஷ்காரர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுங்கள். எங்களைப்போலக் கலந்த வீட்டுக்கு முதலாவதுதான் ஒத்துவரும். ஆங்கிலத்தை நீங்கள் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். பள்ளியும் தொலைக்காட்சியும் பக்கத்து வீட்டுப் பையனும் பார்த்துக்கொள்வார்கள்.

"குழந்தை குழம்பிவிடும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் இருமொழிப் பிள்ளைக்குச் சொற்கள் குறைவாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். பிள்ளை 'லேச்சே' என்றும் 'மில்க்' என்றும் சொன்னால் அது இரண்டு சொல். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசுவதும் நோயல்ல. நாம் தினமும் தமிழில் செய்வதுதான். உண்மையிலேயே பேச்சில் சிக்கல் இருக்கும் என்று சந்தேகம் வந்தால், இரண்டு மொழியிலும் சோதித்துப் பார்க்கத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளரைக் கேளுங்கள். இதை எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

பாடம் வேண்டாம், வேலை கொடுங்கள்

எட்டு ஒன்பது வருடம் அடிபட்டு நான் தெரிந்துகொண்டது இது: ஸ்பானிஷ் இல்லாமல் முடியாத காரியம் ஒன்றாவது பிள்ளையின் வாரத்தில் இருக்க வேண்டும். 'ஸ்பானிஷில் சொல்லு, ஸ்பானிஷில் சொல்லு' என்று பின்னாலேயே நின்றால் இருக்கிற பேச்சும் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் வேலை செய்தவை: ஞாயிற்றுக்கிழமை சால்தீயோவில் இருக்கும் தாத்தாவுக்கு வாட்ஸப்பில் அழைப்பது. அவருக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. அதுவே பெரிய பாக்கியம். கறிக்கடையில் அரைக்கிலோ எலும்பில்லாத கறி கேட்பது எங்கள் பையனின் பொறுப்பு. கடைக்காரர் "மெல்லிசாவா, தடியாவா?" என்று எதிர்க்கேள்வி கேட்பார், அதில்தான் மொழி வளர்கிறது. அப்புறம் லொத்தேரியா.

லொத்தேரியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் தம்போலா மாதிரிதான், ஆனால் எண்ணுக்குப் பதில் படம். 54 சீட்டு, ஆளுக்கு ஓர் அட்டை, அதில் பதினாறு படம். சேவல், சீமாட்டி, குடை, கடற்கன்னி, ஏணி, குட்டிச் சாத்தான். ஒருவர் சீட்டை எடுத்துக் கூவ, மற்றவர்கள் தங்கள் அட்டையில் உள்ள படத்தின் மேல் ஒரு காய்ந்த பீன்ஸ் விதை வைப்பார்கள். வெறுமனே 'எல் காயோ' என்று சேவலின் பெயரைச் சொன்னால் போதும். ஆனால் கெட்டிக்காரர்கள் பெயரைச் சொல்லாமல் விடுகதை போல இழுத்து, எதுகை போட்டுக் கூவுவார்கள். என் மாமியார் கூவினால் தெருவே சிரிக்கும். முதலில் பிள்ளைகளை அட்டை வைத்து ஆடவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, கூவுகிற வேலையை அவர்களிடம் கொடுங்கள். என் மகள் திரும்ப வாயைத் திறந்தது வகுப்பில் அல்ல, இந்த மேசையில்தான். பந்தயம் ஐந்து காசு நாணயம். அந்தக் காசு ஒரு பெரிய காரணம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் என்ன செய்வது? பையன் "இன்னும் ஃப்ரிஹோலெஸ் வேணும்" என்று ஆங்கிலத்தில் கேட்பான். அப்பா அதையே ஸ்பானிஷில் திருப்பிக் கேட்பார்: "மாஸ் ஃப்ரிஹோலெஸ்? கியேரெஸ் மாஸ்?" அவன் "சீ, மாஸ்" என்பான். தட்டில் பயறு விழும். அவ்வளவுதான். பசியோடு இருக்கும் பிள்ளையைத் திருத்த வேண்டாம். பேச்சு ஓட வேண்டும்.

கேலி செய்தால் வீட்டை விட்டு வெளியே

இதை நான் கறாராகவே சொல்கிறேன். ஸ்பானிஷ் தடுமாறும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: 'நோ சாபோ'. 'எனக்குத் தெரியாது' என்பதற்கு 'நோ சே' என்று சொல்ல வேண்டும். பிள்ளை மற்ற வினைச்சொற்களைப் பார்த்து, 'கொமேர்' என்பது 'கோமோ' ஆகிறதே, அப்படியானால் 'சபேர்' என்பது 'சாபோ' ஆகத்தானே வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. இலக்கணத்தை உள்ளே பிடித்துக்கொண்ட பிள்ளை செய்யும் தப்பு அது. அதற்குப் பரிசாக மாமன்மார் சிரிக்கிறார்கள், 'போச்சா' என்கிறார்கள், அதாவது அமெரிக்காவில் வெளுத்துப்போனவள். என் மகள் ஒரு பிறந்தநாள் விருந்தில் இந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு ஐந்து மாதம் தன் அத்தையிடம் பேசவில்லை.

சிரிக்கிற மாமன்களிடம் ஒரு பழைய கதையைச் சொல்லுங்கள். மேற்கு டெக்சஸில் மார்ஃபா என்று ஒரு சிற்றூர். அங்கே மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது பிளாக்வெல் பள்ளி. 1954இல் அந்தப் பிள்ளைகளைத் துண்டுத்தாளில் எழுத வைத்து, அதை ஒரு பெட்டியில் போட்டு, 'திருவாளர் ஸ்பானிஷ்' இறந்துவிட்டார் என்று பள்ளி வளாகத்தில் குழிதோண்டிப் புதைக்க வைத்தார்கள். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் அடி விழுந்த காலம். அந்தப் பள்ளிக்கட்டடம் இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். அப்படி அடிவாங்கிய தலைமுறைதான் தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலம் மட்டும் பேசியது. மொழி தெரியாத பேரனைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால், அந்தத் தாத்தா ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று யோசிக்கலாம்.

மரியாதை: நமக்கு இது சுலபம், அவர்களுக்கு இல்லை

ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இதற்கு வழியே இல்லை. தமிழருக்கோ பால் குடித்த காலத்திலிருந்து தெரியும். ஆனால் யாரிடம் எது என்பது வீட்டுக்கு வீடு மாறும். சில மெக்சிகோ வீடுகளில் தாத்தா பாட்டியைப் பிள்ளைகள் 'உஸ்தேத்' என்றுதான் சொல்ல வேண்டும். சில வீடுகளில் 'தூ' சொன்னால்தான் பாசம். கொலம்பியாவில் கணவனும் மனைவியும் கூட 'உஸ்தேத்' போட்டுக்கொள்ளும் பகுதிகள் உண்டு. மத்திய அமெரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் 'வோஸ்' என்று மூன்றாவது ஒன்று. ஆகவே புத்தகத்தைப் பார்க்காதீர்கள்; உங்கள் மாமியாரைக் கேளுங்கள்.

மெக்சிகோக்காரர் வீட்டில் பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை 'கே?' (என்ன?) என்று கேட்கக் கூடாது, 'மாந்தே?' என்று கேட்க வேண்டும். அகராதியில் பார்த்தால் 'கட்டளையிடுங்கள்' என்று இருக்கும்; புழக்கத்தில் நம் 'சொல்லுங்க'தான். கூடத்துக்குள் நுழைந்தால் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம், போகும்போது ஒவ்வொருவரிடமும் விடை. பதினெட்டுப் பேர் இருந்தால் பதினெட்டு முறை. இதைச் செய்யாத பிள்ளையை 'மால் எதுகாதோ' என்பார்கள். படிக்காதவன் என்று நினைத்து முதலில் நான் குழம்பினேன். 'எதுகாசியோன்' என்றால் அவர்களுக்குப் படிப்பு மட்டுமல்ல, வளர்ப்பும். முனைவர் பட்டம் வாங்கினவரும் சபை நடுவில் 'மால் எதுகாதோ' ஆகலாம்.

இடி விழுவது பள்ளியில். பெரியவர் கண்டிக்கும்போது கண்ணைத் தாழ்த்து என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்போம். ஆசிரியை, கண்ணைப் பார்க்காத பிள்ளை எதையோ மறைக்கிறது என்று நினைப்பார். வீட்டில் எதிர்க்கேள்வி தப்பு. வகுப்பில் கேள்வி கேட்காவிட்டால் 'பங்கேற்பதில்லை' என்று மதிப்பெண் அட்டையில் வரும். எங்கள் பையனுக்கு நாங்கள் இதைச் செருப்பை வைத்துச் சொன்னோம்: அபுவேலா வீட்டுக்குள் ஒரு செருப்பு, பள்ளிக்கு ஒரு செருப்பு, இரண்டும் உன்னுடையதுதான். ஆறு வயதுக்கு அது போதுமாக இருந்தது. ஆசிரியையிடமும் வருட ஆரம்பத்திலேயே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது

இங்கேதான் புதிதாக வருபவர்கள் அதிகம் இடறுகிறார்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். விவரங்கள் டெக்சஸுக்கானவை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சேர்க்கையின்போது வீட்டுமொழிப் படிவம் ஒன்று தருவார்கள். வீட்டில் பெரும்பாலும் எந்த மொழி, பிள்ளை பெரும்பாலும் எந்த மொழி என்று கேட்கும். 'ஆங்கிலம்' என்று எழுதினால் பிள்ளையை உயர்வாக நினைப்பார்கள் என்று பலர் பொய் எழுதுகிறார்கள். எழுதாதீர்கள். ஸ்பானிஷ் என்று எழுதினால் ஆங்கிலத் தேர்வு வைத்து, தேவையிருந்தால் இருமொழி வகுப்புக்கோ கூடுதல் உதவிக்கோ அனுப்புவார்கள். அந்த வழியை நீங்களே அடைத்துவிடக் கூடாது. உங்கள் கையெழுத்து இல்லாமல் இருமொழி வகுப்பில் போடவும் முடியாது. இதிலேயே இன்னொரு பொறி: மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வரும் எல்லாருக்கும் தாய்மொழி ஸ்பானிஷ் அல்ல. மிஷ்டெக், சபோடெக், கிச்சே பேசும் குடும்பங்கள் உண்டு. அலுவலகத்தில் வெட்கப்பட்டு 'ஸ்பானிஷ்' என்று எழுதினால், பிள்ளைக்குத் தெரியாத மொழியில் பாடம் ஓடும்.

டெக்சஸில் ஒரே வகுப்பு நிலையில், ஒரே தாய்மொழியோடு ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் ஒரு கல்வி மாவட்டத்தில் 20 பேர் சேர்ந்தால், அங்கே இருமொழிக் கல்வி கொடுத்தாக வேண்டும். ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியாத நாலு வயதுப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் முன்மழலை வகுப்பு இலவசம். இது தெரியாமல் காசு கட்டிக் காப்பகத்தில் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இருமொழி வகுப்பு என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. '90க்கு 10' என்றால் தொடக்கத்தில் பெரும்பகுதி ஸ்பானிஷ், வருடா வருடம் ஆங்கிலம் ஏறி, நாலாம் ஐந்தாம் வகுப்பில் பாதிக்குப் பாதி. '50க்கு 50' முதலிலிருந்தே சமம். 'மாற்று' வகை ஒன்று உண்டு. ஆங்கிலம் வந்ததும் ஸ்பானிஷைக் கழற்றிவிடும் ஏற்பாடு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஐந்தாம் வகுப்பில் என் பிள்ளை ஸ்பானிஷில் எத்தனை மணி நேரம் படிப்பான்? பதில் மழுப்பலாக வந்தால் அது மாற்று வகை. இந்த வகுப்புகள் சும்மா வந்துவிடவில்லை. மியாமியில் கோரல் வே பள்ளி 1963இல் தொடங்கியது முன்னோடி. கலிஃபோர்னியாவில் 1998இல் வாக்கெடுப்பு வைத்து இருமொழிக் கல்வியைக் கிட்டத்தட்ட நிறுத்தினார்கள். 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில்தான் திரும்ப வந்தது.

காகிதம் இல்லாத குடும்பங்கள் பயப்படுவது புரிகிறது. குடியேற்ற நிலை எதுவானாலும் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; வழக்கே டெக்சஸ் வழக்குதான். சமூகப் பாதுகாப்பு எண் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெற்றோருக்குப் புரியும் மொழியில் முக்கியமான செய்திகளைச் சொல்வதும் பள்ளியின் கடமை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். தயவுசெய்து பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் மீதான புகாரைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் ஒன்பது வயதுப் பையன் எப்படி மொழிபெயர்ப்பான் என்று நினைக்கிறீர்கள்?

பெயர். ஸ்பானிஷ் வழக்கப்படி பிள்ளைக்கு இரண்டு குடும்பப் பெயர்: முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. அமெரிக்கப் படிவம் முதலாவதை நடுப்பெயராக்கி, இரண்டாவதை மட்டும் குடும்பப் பெயராக்கிவிடும். இனிஷியலை விரித்து எழுதி அப்பா பெயரையே குடும்பப் பெயராகச் சுமந்து திரியும் நமக்கு இந்த வேதனை புதிதல்ல. பிறப்புச் சான்றிதழில் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டுவிடுங்கள். பள்ளி, மருத்துவமனை, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் அதே எழுத்து. 'ஞ' ஒலிக்கான எழுத்தின் தலைமேல் இருக்கும் அலைக்கோடு பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பேஞா என்றால் பாறை. கோடு போனால் பேனா, அதாவது வருத்தம். நமக்கு அது எழுதுகோல் என்று சொன்னால் மாமியார் நம்ப மறுக்கிறார்.

வாசிப்பு

ஸ்பானிஷை எழுதியபடி வாசிக்கலாம். உயிரொலி ஐந்துதான். 'ம, மே, மி, மொ, மு' என்று அசை அசையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ம, மா, மி, மீ படித்தவருக்கு விளக்கவே வேண்டாம். எனக்கு ஸ்பானிஷ் அரைகுறையாக இருந்தபோதே பிள்ளைக்கு வாசித்துக் காட்ட முடிந்தது, அர்த்தத்தை அவள் எனக்குச் சொன்னாள். நூலக அட்டை இலவசம். ஸ்பானிஷ் கதைநேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏப்ரல் 30 மெக்சிகோவில் குழந்தைகள் தினம். 1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் அதே நாளைக் குழந்தைகளும் புத்தகங்களும் சேர்ந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்; இலவசப் புத்தகம் கிடைத்தாலும் கிடைக்கும்.

பண்டிகைகள்

எல்லாவற்றையும் செய்யப் போனால் ஆள் காலி. டிசம்பர் 16 முதல் 24 வரை போசாதாஸ் என்ற கிறிஸ்துமஸ் ஊர்வலங்கள், ஜனவரி 6 குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் நாள், பிப்ரவரி 2 தமாலெஸ் என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டை விருந்து என்று வரிசையாக வரும். இரண்டைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகச் செய்யுங்கள். நாங்கள் பிடித்தது நவம்பர் 1, 2இல் வரும் இறந்தோர் நாளும், ஜனவரி 6உம். இறந்தோர் நாள் படையலில் செம்பாசூச்சில் பூ இல்லாமல் ஆகாது. பார்த்தால் நம் செண்டுமல்லி! அதன் பூர்வீகமே மெக்சிகோதானாம். என் அப்பா படத்தையும் மாமனாரின் அம்மா படத்தையும் ஒரே மேசையில் வைத்து அந்தப் பூவைத் தூவினோம். அப்பாவுக்கு வடையும் வெற்றிலையும், அந்தப் பாட்டிக்கு ஒரு குவளை காப்பியும் பான் துல்செ ரொட்டியும். விழுந்த பல்லை எடுத்துப்போவது இங்கே தேவதை, மாமியார் ஊரில் பெரேஸ் என்ற எலி, எங்கள் ஊரில் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது. பையன் மூன்றையும் கேட்டு எலியைத் தேர்ந்தெடுத்தான்.

பெண்ணுக்குப் பதினைந்து வயதில் கின்சியாஞேரா. மஞ்சள் நீராட்டு விழாவின் செலவைப் பார்த்தவர்களுக்கு மனசு தயாராகவே இருக்கும்.

பத்து வயதுக்குப் பிறகு

இந்த வயதில் பிள்ளைகள் தோழர்களின் மொழிக்குச் சாய்வார்கள். சண்டை போடாதீர்கள். காரணத்தை மாற்றுங்கள். உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே தனி வகுப்பு இருக்கலாம். கல்லூரித் தரத்தில் வைக்கும் 'ஏபி' ஸ்பானிஷ் தேர்வில் ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால் பல கல்லூரிகளில் பாடக் கணக்கில் சேரும். இருமொழி முத்திரை என்று பட்டயத்தில் ஒட்டித் தருவதைக் கலிஃபோர்னியா 2011இல் தொடங்கியது, இப்போது நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. பாசத்துக்கு மசியாத பதினாறு வயது இதற்கு மசியும்.

ஆனால் இவை எதுவும் அத்தைமகன்களோடு ஒரு கோடைக்கு ஈடாகாது. பெற்றோரில் ஒருவர் மெக்சிகோக்காரராக இருந்தால், அமெரிக்காவில் பிறந்த பிள்ளையைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்து மெக்சிகோ பிறப்புச் சான்றிதழும் கடவுச்சீட்டும் வாங்கலாம். முதலில் நேரம் முன்பதிவு, பெற்றோர் அடையாள அட்டைகள், பிள்ளையின் அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் (அந்தக் கோடு ஞாபகமிருக்கிறதா?). எங்கள் பையன் பெயரில் ஓர் எழுத்து இடம் மாறியிருந்ததால் மூன்று முறை அலைந்தோம். பிள்ளை பயணப்படும்போது பெற்றோர் இருவரும் கூடப் போகவில்லை என்றால், சான்றுறுதி அலுவலரிடம் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் பையில் இருக்கட்டும்.

போன ஜூலையில் மகளை ஐந்து வாரம் சால்தீயோவில் விட்டுவிட்டு வந்தோம். பதினோரு வயது. முதல் வாரம் தினமும் என்னிடம் அழுதாள், தமிழில். மூன்றாவது வாரம் நான் அழைத்தபோது, பின்னால் லொத்தேரியாச் சத்தம், யாரோ ஒரு சிறுவன் அவள் உச்சரிப்பைத் திருத்துகிறான். "யா சே, யா சே!" (தெரியும், தெரியும்!) என்று அவன்மேல் எரிந்து விழுந்துவிட்டு, "அம்மா, அப்புறம் பேசறேன், காசு வச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.